முதற்பொருள் இல்லாத படங்கள்

சென்னையின் மேற்குப் புறநகர் ஏரிகளில் எடுக்கப்பட்ட பறவைப் படங்களுக்கு இன்று பஞ்சமில்லை. போரூர், செம்பரம்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர் என்று ஞாயிற்றுக்கிழமை விடியலில் எந்த ஏரிக்கரைக்குப் போனாலும் முழங்கை நீள லென்சைத் தோளில் சுமந்த நாலு பேரையாவது பார்க்கலாம். அவர்கள் எடுக்கும் படங்கள் கல்லூரி நுண்கலை மன்றக் கண்காட்சிகளிலும் நாட்காட்டிகளிலும் கைப்பேசித் திரைகளிலும் வந்து சேர்கின்றன. நுட்பத்தில் அவை குறை சொல்ல முடியாதவை. கூழைக்கடாவின் அலகுப்பையில் ஓடும் நரம்பும் மீன்கொத்தியின் அலகு நுனியில் தொங்கும் நீர்த்துளியும் துல்லியமாகத் தெரிகின்றன. ஆனால் இப்படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகும்போது ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. இந்தப் பறவை நிற்பது எங்கே?

படத்துக்குள் அதற்கு விடை இல்லை. பின்னணி பச்சையாகவோ நீலமாகவோ குழைந்து கரைந்துபோயிருக்கிறது. பறவை கால் ஊன்றிய கிளை தெரிகிறது. அந்தக் கிளை எந்த மரத்தினது, மரம் எந்தக் கரையில் நிற்கிறது, கரைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பவை தெரிவதில்லை. இந்தக் கரைந்த பின்னணியையே நல்ல படத்தின் முதல் இலக்கணமாகச் சொல்லித்தருகிறார்கள். கண்ணை உறுத்தும் எதுவும் சட்டகத்துக்குள் வரக் கூடாது. வந்துவிட்டால் கணினியில் வெட்டி எறிந்துவிட வேண்டும். அப்படி வெட்டி எறியப்படுவது எதுவோ அதுதான் நம் காலத்து இயற்கையைப் பற்றிய முதன்மையான செய்தி என்பது என் கருத்து. அதை நீக்கிவிட்டு எஞ்சும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அரைகுறையானது. சில நேரங்களில் பொய்யானதும்கூட.

நான் குடியிருக்கும் ஐயப்பன்தாங்கலின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. ஏரியைவிடச் சிறிய பாசன நீர்நிலையைத் தாங்கல் என்பது தொண்டைமண்டல வழக்கு. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என ஊர்ப்பெயர்களில் அச்சொல் நிலைத்துவிட்டது. மழைநீரைக் கரை கட்டித் தாங்கி நிறுத்தி, மடை வழியே வயலுக்கு விட்டு, மிஞ்சியதைக் கலங்கல் வழியே அடுத்த நீர்நிலைக்கு அனுப்பிய ஏற்பாட்டின் ஒரு கண்ணி அது. இன்று வயல் இல்லை. போரூரிலிருந்து பூந்தமல்லி செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்துப் பணிமனை, மெட்ரோ ரயிலுக்கான தூண்கள், அடுக்ககங்கள், திருமண மண்டபங்கள் என்று ஊர் வேறு உருக்கொண்டுவிட்டது. ஆயினும் பறவைகள் முற்றிலும் நீங்கிவிடவில்லை. வீட்டுமனைகளுக்கு நடுவே மழைநீர் தேங்கும் காலி நிலத்தில் மடையான் நிற்கிறது. குப்பைமேட்டில் உண்ணிக்கொக்கு மேய்கிறது. கழிவுநீர் ஓடையோரம் நெடுங்கால் உள்ளானும் ஆகாயத்தாமரை இலைகளுக்கிடையே தாழைக்கோழியும் இரை தேடுகின்றன. பேருந்துகளின் இரைச்சல் அடங்கிய பின்னிரவில் ஆள்காட்டியின் குரலை இன்னும் கேட்கலாம். இவை எங்கோ காட்டுக்குள் இல்லை, நம்மோடு இருக்கின்றன. இவற்றைப் படமெடுப்பவர்கள் அந்த ‘நம்மோடு’ என்பதைத்தான் கவனமாக விலக்குகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர் தாம் எடுத்த நத்தைகுத்தி நாரையின் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். கல்லூரிகளுக்கிடையிலான போட்டி ஒன்றில் பரிசு பெற்ற படம். இந்நாரையின் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். அந்த அலகில் சிக்கிய நத்தையோடு கண்ணும் இறகும் மிகத் தெளிவாக அமைந்திருந்தன. கேட்டபோது, வெட்டப்படாத மூலப் படத்தையும் கணினியில் திறந்து காட்டினார். நாரைக்கு இடப்புறம் உடைந்த சோபா ஒன்று பாதி நீரில் அமிழ்ந்து கிடந்தது. பின்னால் கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரவிய மேடு. அதன்மேல் மனை விற்பனைப் பலகையின் இரண்டு கால்கள். வலப்புறம் ஒரு குழாயின் வாயிலிருந்து கருநிற நீர் இறங்கிக்கொண்டிருந்தது. “சார், இதை எப்படி அனுப்ப முடியும்?” என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அனுப்பியிருந்தால் முதல் சுற்றிலேயே தள்ளியிருப்பார்கள். ஆனால் ஒரு நத்தைக்காக அந்தப் பறவை எவ்வளவு குறுகிய இடத்தில் நிற்கிறது என்பதை மூலப் படம் மட்டுமே சொன்னது. இருபது ஆண்டுகள் கழித்து அங்கே ஒரு நீர்நிலை இருந்ததா என்ற கேள்வி எழுந்தால் சாட்சி சொல்லக்கூடியதும் அதுவே. பரிசு பெற்ற படத்தைச் செம்பரம்பாக்கத்தில் எடுத்தது என்றாலும் நம்பலாம். பரத்பூரில் எடுத்தது என்றாலும் நம்பலாம்.

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்க வெளியிலிருந்து கோட்பாடு எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. அகப்பொருள் இலக்கணம் முதல், கரு, உரி என்று மூன்றாகப் பொருளை வகுக்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். புள்ளும் விலங்கும் மரமும் பூவும் கருப்பொருள். அந்த நிலத்திலும் பொழுதிலும் கருக்கொண்டவை. மனிதரின் காதலும் ஊடலும்கூட இவற்றுக்குப் பிறகே உரிப்பொருளாக வருகின்றன. இந்த வரிசை தற்செயலானதன்று. சங்கக் கவிதையில் ஒரு பறவை பொருள் தருவது அது நிற்கும் இடத்தால். வயலில் மீனுண்டு மருதமரத்தில் தங்கும் பறவையைக் காட்டித் தலைவனின் ஒழுக்கத்தைச் சொல்லாமல் சொல்ல முடிவது, வயலும் மரமும் அங்கே கூடவே இருப்பதால்தான். உள்ளுறையும் இறைச்சியும் இயங்குவது இந்த அடிப்படையில். பறவையை நிலத்திலிருந்து பெயர்த்துத் தனியே நிறுத்திவிட்டால் அது அழகிய இறகுகளின் தொகுப்பு; அதற்கு மேல் எதையும் அது உணர்த்தாது. இன்றைய இயற்கை ஒளிப்படக் கலை செய்துகொண்டிருப்பது பெரும்பாலும் இதைத்தான். கருப்பொருளை வைத்துக்கொண்டு முதற்பொருளை நீக்கிவிடுகிறது.

இதில் தமிழ்த் துறைகளுக்கும் பங்கு உண்டு. மருதத்தின் புள்ளாக நாரை, மகன்றில், கம்புள், குருகு, தாரா ஆகியவற்றையும் விலங்காக எருமை, நீர்நாய் ஆகியவற்றையும் நாற்கவிராச நம்பி வரிசைப்படுத்துவதை மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். கம்புள் என்பது சம்பங்கோழி என்ற உரைக்குறிப்பையும் எழுதுகிறார்கள். கல்லூரிப் பேருந்தின் சன்னல் வழியே தெரியும் குட்டையில் நிற்பது எந்தப் பறவை என்று கேட்டால், கொக்கு என்பதற்கு மேல் அவர்களால் போக முடிவதில்லை. நீர்நாய் மருதத்துக்கு உரியது என்று எழுதும் மாணவர், இந்தப் பக்கத்து ஏரிகளில் இன்று நீர்நாயைத் தேட யாருக்கும் தோன்றாதது ஏன் என்று யோசிப்பதில்லை. பாடத்திலும் கருப்பொருள் பட்டியலாகத் தனித்து நிற்கிறது, படத்திலும் அப்படியே.

ஒளிப்படக் கலையில் இப்போக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிய அதன் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காட்டுயிர் ஒளிப்படம் வேட்டையின் வயிற்றில் பிறந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் வேட்டைத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தவர். இரவில் படகில் சென்று திடீர் ஒளி பாய்ச்சி அவர் எடுத்த படங்களை உள்ளடக்கிய 74 படங்களை 1906 ஜூலை இதழில் நேஷனல் ஜியாகிரஃபிக் வெளியிட்டது. பின்னாளில் 1935இல் வந்த அவருடைய நூலின் தலைப்பிலேயே ‘வேட்டை’ என்ற சொல் இருந்தது. இந்தியாவில் வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் காட்டுப்பாதையில் கம்பி கட்டி, புலியின் காலே கேமராவை இயக்கும்படி செய்து படமெடுத்தார். அவருடைய நூல் 1927இல் வந்தது. துப்பாக்கிக்குப் பதில் கேமரா என்பது அன்றைக்குப் பெரும் முன்னேற்றம்; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கருவி மாறிய அளவுக்கு மனப்போக்கு மாறவில்லை. ஆங்கிலத்தில் படமெடுப்பதற்கும் சுடுவதற்கும் ஒரே சொல். தமிழிலும் படத்தைப் ‘பிடிக்கிறோம்’. வேட்டைக்காரர் சுவரில் மாட்டிய மான்தலைக்கு உடலும் இல்லை, காடும் இல்லை. கரைந்த பின்னணியில் கண் மட்டும் ஒளிரும் புலிமுகப் படம் அந்த மான்தலையின் வழித்தோன்றல்தான்.

வேட்டை என்று நான் சொல்வது உவமைக்காக மட்டுமன்று. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் வரையறையில், பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதும் அடங்கும். கூட்டை மறைத்த கிளையை ஒடித்துக் கேமராவுக்கு வழி செய்பவர் அந்த வரையறைக்குள் வந்துவிடுகிறார். கிளை போனபின் குஞ்சுகளின் மேல் வெயில் நேராக விழுகிறது. கூடு இருக்கும் இடம் காகத்துக்கும் பருந்துக்கும் தெரிந்துவிடுகிறது. கைப்பேசியில் அதே இனப் பறவையின் குரலை ஒலிக்கவிட்டால், தன் எல்லைக்குள் போட்டியாளன் நுழைந்துவிட்டதாக எண்ணிப் பறவை பதறி வெளியே வருகிறது. படம் கிடைக்கிறது, இரை தேட வேண்டிய நேரம் அதற்குப் போய்விடுகிறது. சரணாலயங்களில் படமெடுக்க அனுமதி தரும் பிரிவில், வாழிடத்தில் எந்த மாற்றமும் செய்யாமல், உயிர்களுக்கும் கேடு விளைக்காமல் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்திருக்கிறது. ஐயப்பன்தாங்கல் பக்கத்துக் குட்டைகள் சரணாலயங்கள் அல்ல. அங்கே யாரும் அனுமதி கேட்பதும் இல்லை. படமெடுப்பவரின் மனச்சான்று மட்டுமே அங்கே காவல்.

இடத்தை நீக்கிய படத்தில் பொய் எளிதாக நுழைந்துவிடும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2009இல் முதற்பரிசு பெற்ற, வேலியைத் தாண்டும் ஓநாயின் படம், அது பழக்கப்பட்ட ஓநாயாகவே இருக்க வேண்டும் என்ற முடிவின்பேரில் 2010 ஜனவரியில் நீக்கப்பட்டது. அதே போட்டியின் 2017ஆம் ஆண்டுப் பரிசுப் படம் ஒன்றில் இருந்த எறும்புத்தின்னி, பாடம் செய்து வைக்கப்பட்ட உடல் என்று நடுவர்கள் கருதியதால் 2018இல் அதுவும் நீக்கப்பட்டது. எடுத்தவர்கள் இருவருமே குற்றச்சாட்டை மறுத்தார்கள். இன்றோ ஓநாயும் வேண்டாம், பாடம் செய்த உடலும் வேண்டாம். கணினியிடம் நாலு வரி எழுதிக் கேட்டால் கரைந்த பச்சைப் பின்னணியில் ஒரு மீன்கொத்தியைச் சில நொடிகளில் வரைந்து தந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது, கணினி மிக எளிதாகப் போலி செய்வது எந்த வகைப் படத்தை என்பதை. இடமும் காலமும் இல்லாத அந்தத் துல்லியமான உருவப்படத்தைத்தான். உடைந்த சோபாவும் மனைப் பலகையும் குறிப்பிட்ட ஒரு ஏரியின் குறிப்பிட்ட ஒரு கரையும் உள்ள படத்தை ஊர்க்காரர் ஒருவர் நேரில் போய்ச் சரிபார்க்க முடியும்.

மாற்றுவழிக்கு நாம் தொலைவில் போய்த் தேட வேண்டியதில்லை. அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) மயிலாப்பூரில் வாழ்ந்து, ஒளிப்படம், கோட்டோவியம், உரைநடை மூன்றையும் ஒரே வேலையாகச் செய்தவர். மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பைசனிடம் படித்தார். பைசன் தம்பதியரோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடிகொடிகளைப் பார்க்கச் சென்றபோது திருமதி பைசனிடம் நீர்வண்ண ஓவியத்தின் நுணுக்கங்களைக் கற்றார். 1950 முதல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியை எழுதினார். அதன் கடைசிப் பகுதி, அவர் மறைந்த 1996 பிப்ரவரி 18 அன்று வெளியானது. ஏறத்தாழ நாற்பத்தாறு ஆண்டுகள்! தம் கட்டுரைகளுக்குத் தாமே படம் வரைந்தார். 1961இல் வந்த அவர் நூலின் தலைப்பு ‘ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்’ என்பது. காட்டையும் கொல்லைப்புறத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் அந்தத் தலைப்பில் அவருடைய பார்வை முழுவதும் அடங்கியிருக்கிறது. முதுமலை யானையும் வீட்டு முற்றத்து அணிலும் அவருக்கு ஒரே கவனத்துக்கு உரியவை.

அவர் கருப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளை இணைத்துத் தாமே கட்டிக்கொண்ட கனமான கருவிக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். 1968இல் கிடைத்த ஜவாஹர்லால் நேரு நல்கையைக் கொண்டு தீபகற்ப இந்தியாவின் பெரும் பாலூட்டிகளைப் பற்றிய கள ஆய்வைச் செய்தார். அதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் நூலாக்கியது. அந்த ஆய்வில் படம் என்பது அலங்காரமாக வரவில்லை; எழுத்தில் சொன்ன செய்திக்குக் களச் சான்றாக வந்தது. எந்தக் காடு, எந்தப் பருவம், விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது, எதைத் தின்றது, கூட்டத்தில் எத்தனை என்ற விவரங்களோடு சேர்ந்தே அவர் படங்கள் பொருள் கொள்கின்றன. அவருடைய யானைப் படங்களைப் பாருங்கள். புல்லின் உயரமும் மரத்தின் இனமும் நீரின் இருப்பும் யானையோடு சேர்ந்து தெரிகின்றன. வண்ணத்தின் கவர்ச்சி இல்லாததால் நம் கண் விலங்கிலேயே நின்றுவிடாமல் அதைச் சுற்றிலும் செல்கிறது. இதுவே திணை மரபின் நவீன வடிவம் என்று நான் கருதுகிறேன். அவர் தமிழில் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து, ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாக 2002இல் காலச்சுவடு வெளியிட்டது. பறவையின் பெயர், பருவம், இடம் மூன்றையும் பிரிக்காமல் எழுதுவது எப்படி என்பதற்கு அந்த நூலைவிட நல்ல பாடப்புத்தகம் நம் மொழியில் இல்லை.

கிருஷ்ணன் வரைந்தவர் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. வரைபவருக்கு நொடிக்கு இருபது படம் எடுக்கும் வசதி இல்லை. மடையான் கழுத்தைச் சுருக்கி நிற்பதையும் மீனைக் கண்டதும் மெல்ல நீட்டுவதையும் பலமுறை பார்த்தால்தான் ஒரு கோடு வரும். அந்தப் பார்வையில் இடமும் தானே வந்து சேர்கிறது. இதற்கு மாமல்லபுரம் சான்று. பல்லவர் காலத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானைச் செதுக்கியவர் மானோடு பொழுது கழித்திருக்க வேண்டும். அதே ஊரில் தனிக்கல்லில் அமைந்த குரங்குக் குடும்பத்தில், ஒன்று மற்றொன்றின் தலையில் பேன் பார்க்க, குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாறையில் யானைகள் எங்கோ நடுவெளியில் நிற்கவில்லை. பாறைப் பிளவில் இறங்கும் ஆற்றை நோக்கி வருகின்றன. தண்ணீரை வைத்துத்தான் அந்தச் சிற்பி யானையை நிறுத்தியிருக்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். குப்பையையும் கழிவுநீரையும் யார் பார்க்க விரும்புவார்கள்? அழகிய படம்தான் மக்களை இயற்கையின் பக்கம் ஈர்க்கிறது. ஈர்க்கப்பட்டவர்களே பின்னர் அதைக் காக்க முன்வருகிறார்கள். இந்த வாதத்தைப் புறந்தள்ள நான் விரும்பவில்லை. 1871இல் யெல்லோஸ்டோன் ஆய்வுப் பயணத்தில் வில்லியம் ஹென்றி ஜாக்சன் எடுத்த ஒளிப்படங்களும் தாமஸ் மோரான் தீட்டிய ஓவியங்களும் அமெரிக்க நாடாளுமன்றத்தினர் கருத்தை உருவாக்குவதில் பங்காற்றின. மறு ஆண்டு மார்ச்சில் அப்பகுதி தேசியப் பூங்காவானது. அழகு சட்டமாக மாறிய நல்ல எடுத்துக்காட்டு அது. ஆனால் அவர்கள் காட்டியது இடத்தை. பள்ளத்தாக்கையும் அருவியையும் வெந்நீரூற்றையும் காட்டி, இன்ன நிலத்தைக் காக்க வேண்டும் என்று சொல்ல முடிந்தது. கரைந்த பச்சைக்கு நடுவே நிற்கும் மீன்கொத்தியைப் பார்த்து நெகிழ்ந்த ஒருவர் எந்த ஏரியைக் காக்கக் கிளம்புவார்? அந்தப் படம் அவருக்கு மீன்கொத்தி நலமாக இருக்கிறது என்ற ஆறுதலையே தருகிறது. அந்த ஆறுதலைத்தான் நான் பொய் என்கிறேன்.

புலிகளைக் கணக்கிடுவதற்காகக் காட்டில் வைக்கப்படும் தானியங்கிக் கேமராக்களின் படங்களை எண்ணிப் பார்க்கலாம். கலைநோக்கில் அவை மிகச் சாதாரணமானவை. புலியின் தலை வெட்டுப்பட்டிருக்கும். வெளிச்சம் தாறுமாறாக விழுந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். கேமரா நின்ற இடம் ஏட்டில் இருக்கும். உல்லாஸ் காரந்த் போன்ற அறிவியலாளர்கள் உடல் வரிகளைக் கொண்டு புலிகளைத் தனித்தனியே அடையாளம் கண்டு எண்ணிக்கையை மதிப்பிட முடிந்தது இத்தகைய படங்களால்தான். அங்கே முதற்பொருள் இருந்தது. ஆகவே படம் அறிவாயிற்று.

நம் பக்கத்திலேயே இன்னொரு தாங்கலின் கதை உண்டு. வேடந்தாங்கல் என்றால் வேடர்களின் தாங்கல். ஆங்கிலேயச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமைப் பத்திரம் பெற்றார்கள். அவர்கள் பறவையைத் தனியே நேசித்தவர்கள் அல்லர். எச்சம் விழுந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அறிந்த உழவர்கள். பறவை, மரம், நீர், மடை, நெல் ஆகியவை அவர்கள் கண்ணில் ஒரே படமாகத் தெரிந்தன. 2020இல் அந்தச் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்று எல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு வந்தபோது, ஏரியில் பறவை இருக்கிறதே, எல்லையைச் சுருக்கினால் என்ன என்று கேட்டவர்கள் இருந்தார்கள். சரணாலயம் என்றால் மரத்தில் அமர்ந்த நாரை மட்டுமே என்று படங்கள் நம்மைப் பழக்கியதன் விளைவு இது. அந்த நாரை இரை தேடும் வயலும் குட்டையும் ஏரிக்கரைக்கு வெளியேதான் இருக்கின்றன. பள்ளிக்கரணையில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே இயற்கை ஆர்வலர்கள் பறவைகளோடு குப்பைமேட்டையும் புகையையும் ஆவணப்படுத்தினார்கள். 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் அச்சதுப்புநிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

ஆகவே நான் வேண்டுவது பெரிய காரியம் அன்று. கல்லூரிகளிலும் மன்றங்களிலும் கண்காட்சி நடத்துபவர்கள், படத்தின் கீழ் எடுத்தவர் பெயருக்கு முன்னால் இடமும் நாளும் எழுதப்பட வேண்டும் என்று விதி செய்யலாம். அரிய பறவையின் கூடு என்றால் மட்டும் அதன் பாதுகாப்புக் கருதி இடத்தை மறைக்கலாம்; கூட்டுப் படங்களை ஏற்காமல் விடுவது அதைவிட நல்லது. வெட்டாத படங்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்று வைக்கலாம். ஒரே நீர்நிலையை ஒரே கரையில் நின்று மாதம் ஒரு படமாக ஓராண்டு எடுத்தவருக்குப் பரிசு தரலாம். ஐப்பசியில் நிறைந்து, தையில் வலசைப் பறவைகள் கூடி, சித்திரையில் சேறு வெடித்து, அடுத்த மழைக்குள் ஓரத்தில் ஒரு சுவர் எழும்பியிருப்பதை அந்தப் பன்னிரண்டு படங்கள் காட்டும். அதற்கு லட்ச ரூபாய் லென்சு வேண்டாம். மாணவர் கையிலிருக்கும் கைப்பேசி போதும்.

தமிழ்த் துறைகளுக்கு இதில் தனிக் கடமை இருக்கிறது. அகப்பொருள் நடத்தும் பருவத்தில் மாணவர்களை அருகிலுள்ள ஏரிக்கு ஒருநாள் அழைத்துச் செல்லலாம். முதலில் நிலத்தையும் பொழுதையும் எழுதச் சொல்ல வேண்டும்: எந்த ஊர், எந்த ஏரி, எந்த மாதம், எந்த நேரம். பிறகு அங்கே இருக்கும் புள், மரம், விலங்கு ஆகியவற்றையும், மடை இருந்த இடத்தையும், அது அடைபட்டிருந்தால் எதனால் அடைபட்டது என்பதையும் எழுதட்டும். ஒரு பறவையையாவது பென்சிலால் வரையட்டும். படம் எடுப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். நாரையின் அலகுக்குப் பனங்கிழங்கை உவமை சொன்ன சத்திமுத்தப் புலவர் பறவையையும் கிழங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் என்பது அன்றைக்கு மாணவர்களுக்கு விளங்கும்.

ஐயப்பன்தாங்கலைச் சுற்றி இன்னும் சில நீர்நிலைகள் எஞ்சியிருக்கின்றன. இந்த மழைக்காலத்திலும் அவற்றில் நத்தைகுத்தி நாரைகள் இறங்கும், லென்சுகளும் வரும். வருபவர்கள் பறவையை எடுத்தபின் நாலடி பின்னால் வந்து, கரையும் குழாயும் கட்டடமும் சேர்ந்த படம் ஒன்றையும் எடுத்து, ஊர்ப்பெயரும் தேதியும் இட்டு வைத்துக்கொண்டால் நல்லது. போட்டிக்கு எந்தப் படத்தை வேண்டுமானாலும் அனுப்பட்டும். இரண்டாவதை அழிக்காமல் வைத்திருந்தால் போதும்.